ஆபத்துப் பட்டியலில் பாதிக் கர்ப்பிணிகள்: தெலங்கானாவின் புதிர்

புது தில்லி: தென் மாநிலங்களில் குழந்தைகளின் எண்ணிக்கை அரசியல் பிரச்னையாகிவிட்டது. இரண்டுக்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ளவர்கள்தான் உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிடலாம் எனச் சட்டம் கொண்டுவரும் யோசனை இருப்பதாக 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அறிவித்தார். அடுத்த சில நாள்களிலேயே, சென்னையில் அறநிலையத் துறை நடத்திய திருமண விழாவில் பேசிய தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின், "பதினாறும் பெற்று" என்ற பழைய வாழ்த்தை மக்களவைத் தொகுதி மறுவரையறையோடு முடிச்சுப் போட்டார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், குழந்தை பெறுவதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று புதுமணத் தம்பதியரைக் கேட்டுக்கொண்டார்.

மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதற்காகத் தொகுதிகளை இழக்கக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டாவது, மூன்றாவது குழந்தையைச் சுமக்கப் போகும் பெண்ணின் வயிற்றில் முதல் பிரசவம் விட்டுச்சென்ற தழும்பைப் பற்றி எந்தத் தலைவரும் அந்த மேடைகளில் பேசவில்லை. தெலங்கானாவில் அந்தத் தழும்பு இல்லாத தாய்மார்களே சிறுபான்மையினர்.

2019-21ல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தெலங்கானாவில் நிகழ்ந்த பிரசவங்களில் 60.7 சதவீதம் சிசேரியன். நாட்டிலேயே இதுதான் அதிகம். தேசிய சராசரி 21.5 சதவீதம். தமிழகம் 44.9 சதவீதத்துடன் அதிகம் பின்தங்கிவிடவில்லை. தெலங்கானாவின் தனியார் மருத்துவமனைகளை மட்டும் தனியே எடுத்தால் 81.5 சதவீதம். அதாவது பிரசவத்துக்குத் தனியார் மருத்துவமனையின் படியேறும் ஐந்து பெண்களில் நால்வர் அறுவைச் சிகிச்சை அரங்கின் வழியாகத்தான் வெளியே வருகின்றனர்.

இந்தப் புள்ளிவிவரத்தையும் இன்னொரு ஆய்வையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் விஷயத்தின் தீவிரம் தெரிகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின்கீழ் மும்பையில் இயங்கும் தேசிய இனப்பெருக்க, குழந்தைகள் நல ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், அதே குடும்பநல ஆய்வில் இடம்பெற்ற 23,853 கர்ப்பிணிகளின் விவரங்களை ஆராய்ந்து 2023ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அவர்களில் 49.4 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஓர் ஆபத்துக் காரணியாவது இருந்தது. 16.4 சதவீதத்தினருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணிகள். பட்டியலின் உச்சியில் மேகாலயம், மணிப்பூர், மிஜோரம். அவற்றை அடுத்து நிற்கும் ஒரே தென் மாநிலம் தெலங்கானா: 60.3 சதவீதம்.

மேகாலயம் அங்கே இருப்பதைப் புரிந்துகொள்ளலாம். அடுத்தடுத்த பிரசவங்கள், மலைப் பாதைகள், தொலைவில் உள்ள மருத்துவமனைகள். தெலங்கானாவின் கதை வேறு. அங்கு 97 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நிகழ்கின்றன. சராசரியாக ஒரு பெண் பெறும் குழந்தைகள் 1.8 மட்டுமே. பேறுகால இறப்பு விகிதமோ, 2014-16ல் லட்சம் பிரசவங்களுக்கு 81 ஆக இருந்தது 2018-20ல் 43 ஆகக் குறைந்தது. அந்தக் கணக்கெடுப்பில் கேரளம் (19), மகாராஷ்டிரம் (33) ஆகியவற்றுக்கு அடுத்த இடம் தெலங்கானாவுக்கு. தமிழகம் (54) அதற்குப் பின்னால்தான். இறப்பு குறைந்த மாநிலத்தில் ஆபத்து எப்படி இவ்வளவு அதிகம்?

விடையின் பெரும்பகுதி அந்த ஆபத்துப் பட்டியலிலேயே இருக்கிறது. வயது, உயரம், குறைந்த பிரசவ இடைவெளி, முன்பு ஏற்பட்ட கருச்சிதைவு, ரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றோடு முந்தைய சிசேரியனும் அதில் ஓர் ஆபத்துக் காரணி. பத்தில் ஆறு பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையில் முடியும் ஒரு மாநிலத்தில், இரண்டாவது முறை கருத்தரிக்கும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் வேறு எந்தக் கோளாறும் இன்றியே அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுவர். இயற்கை கொடுத்த ஆபத்து அன்று இது. மருத்துவமனை எழுதிக் கொடுத்தது.

தழும்பின் விலை:

சிசேரியன் உயிர் காக்கும் சிகிச்சை. அதில் எவருக்கும் ஐயம் இல்லை. மக்கள்தொகை அளவில் சிசேரியன் விகிதம் 10 சதவீதத்தை எட்டும்வரை தாய், சேய் இறப்புகள் குறைகின்றன. அதற்குமேல் விகிதம் உயர்வதால் இறப்புகள் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் அறிவித்தது. சரியான விகிதம் எது என்பதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் 81 சதவீதம் சரி என்று வாதிட இதுவரை எவரும் முன்வரவில்லை.

தழும்பின் விளைவு முதல் பிரசவத்தில் தெரிவதில்லை. அடுத்த கருவின் நஞ்சுக்கொடி, கருப்பையின் அடிப்பகுதியில் பழைய தழும்பின் மேலேயே பற்றிக்கொண்டால், அது தசைக்குள் ஊடுருவி வளரக்கூடும். குழந்தை பிறந்த பின் நஞ்சு தானாகப் பிரியாது. பிரித்தெடுக்க முயன்றால் சில நிமிடங்களில் லிட்டர் கணக்கில் ரத்தம் வெளியேறும். பல நேரங்களில் கருப்பையையே அகற்ற வேண்டியிருக்கும். அமெரிக்காவில் 30,000க்கும் மேற்பட்ட சிசேரியன்களை ஆராய்ந்து 2006ல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் கணக்கிட்டது. நஞ்சுக்கொடி கீழிறங்கி இருக்கும் நிலையில், முதல் சிசேரியனின்போது இந்த ஆபத்து 3 சதவீதம், இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40 சதவீதம். "இன்னும் ஒன்று பெற்றுக்கொள்ளுங்கள்" என்று மேடையில் சொல்வது எளிது. அந்த "இன்னும் ஒன்று", தென்னாட்டில் பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது அறுவைச் சிகிச்சை.

குஷாய்குடா சொல்வது என்ன?

ஹைதராபாதின் வடகிழக்கே உள்ள குஷாய்குடா, இந்தப் புதிரை நேரில் காண ஏற்ற இடம். ஒருபுறம் 1967ல் தொடங்கப்பட்ட இ.சி.ஐ.எல். பொதுத்துறை நிறுவனமும் அதன் ஊழியர்கள் குடியேறிய காலனிகளும். மறுபுறம் சேர்லப்பள்ளி தொழிற்பேட்டை. காப்ரா நகராட்சியாக இருந்த இந்தப் பகுதி 2007ல் பெருநகர ஹைதராபாத் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. 2016ல் ரங்காரெட்டி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது மேட்சல்-மல்காஜ்கிரி மாவட்டத்துக்குள் வந்தது. நிரந்தர வேலையில் இருக்கும் நடுத்தர வர்க்கத்தினரும், ஒடிசா, பிகார் எனப் பல மாநிலங்களில் இருந்து வந்து ஒற்றை அறை வீடுகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்களும் ஒரே தெருவில் வசிக்கும் பகுதி.

வசதிகள் இல்லாத ஊர் என்று இதைச் சொல்ல முடியாது. "108" ஆம்புலன்ஸ் சேவை 2005 ஆகஸ்ட் 15ல் பிறந்தது ஹைதராபாதில்தான். அதை நடத்தும் நிறுவனத்தின் தலைமை வளாகம் இதே மாவட்டத்தில் உள்ளது. மல்காஜ்கிரியில் அரசு மருத்துவமனை உண்டு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் செகந்திராபாத் காந்தி மருத்துவமனை. அங்கே 200 படுக்கைகளுடன் தாய்-சேய் உயர் சிகிச்சைப் பிரிவு 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இ.சி.ஐ.எல். சந்திப்பைச் சுற்றித் தனியார் மகப்பேறு மருத்துவமனைகளின் பெயர்ப்பலகைகளுக்கும் குறைவில்லை.

ஆனால் வசதி இருப்பதும் சிக்கல் நேரும்போது அது கைக்கு எட்டுவதும் ஒன்றல்ல. இத்தகைய புறநகரில் ஒரே தெருவைச் சேர்ந்த இரண்டு கர்ப்பிணிகள் இரண்டு எதிரெதிர் ஆபத்துகளுக்கு ஆளாகின்றனர். மருத்துவக் காப்பீடு உள்ள குடும்பத்துப் பெண்ணுக்குத் தேவையற்ற கத்தி. தொழிற்பேட்டைத் தொழிலாளியின் மனைவிக்குத் தேவையான நேரத்தில் கிடைக்காத கத்தி. மாநில சராசரி இருவரையும் கூட்டி வகுத்து ஒரே எண்ணாகக் காட்டிவிடுகிறது.

ஆபத்துள்ள கர்ப்பிணிகளைக் கண்டறிய மத்திய அரசிடம் திட்டம் இல்லாமல் இல்லை. 2016 ஜூனில் தொடங்கப்பட்ட பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்படி ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது. 2022 ஜனவரியில் இத்திட்டம் விரிவாக்கப்பட்டது. ஆபத்து உள்ளவர் என்று குறிக்கப்பட்ட பெண்ணின் பெயரைத் தனியே பதிந்து, கூடுதலாக மூன்று முறை பரிசோதித்து, பிரசவமாகி 45 நாள் வரை தொடர்ந்து கவனிக்க வேண்டும்; ஆஷா பணியாளருக்கு இதற்காக ஊக்கத்தொகையும் உண்டு. தாளில் குறை சொல்ல இடமில்லாத திட்டம்.

நடைமுறையில் இடறுவது நம் வழக்கம் ஒன்றினால். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்வது தமிழகத்தைப் போலவே தெலங்கானாவிலும் மரபு. சீமந்தம் முடிந்ததும் ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ அவள் வேறு மாவட்டத்துக்கோ வேறு மாநிலத்துக்கோ போய்விடுகிறாள். குஷாய்குடா ஆஷா பணியாளரின் பேரேட்டில் சிவப்பு மையில் உள்ள பெயர், பிரசவம் நடக்கும் ஊரின் பேரேட்டில் இருக்காது. புலம்பெயர்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு இது இன்னும் சிக்கல்: கையில் உள்ள தாய்-சேய் அட்டை ஒரு மொழியில், பிரசவ வார்டில் இருப்பவர் படிக்கும் மொழி வேறு. தமிழகத்தில் 2008 முதல் கர்ப்பிணிகளுக்குத் தனி எண் வழங்கிக் கண்காணிக்கும் முறை இருப்பதால் மாநிலத்துக்குள் ஓரளவு சமாளிக்க முடிகிறது. மாநில எல்லையைத் தாண்டினால் அந்த எண்ணுக்கும் பயன் குறைவு.

பட்டியல் போதுமா?

ஆபத்துள்ளவர்களை முன்கூட்டியே பிரித்தெடுத்தால் மரணங்களைத் தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை புதிதன்று. 1970களின் இறுதியில் உலக சுகாதார நிறுவனமே இதை ஊக்குவித்தது. பிறகு அது பொய்த்தது. அன்றைய ஜயீர் நாட்டின் கசோங்கோ பகுதியில் நடந்து 1984ல் வெளியான ஆய்வில், பிரசவத்தின்போது குழந்தை வெளிவர முடியாமல் தவித்த பெண்களில் 71 சதவீதத்தினரை முன்கூட்டியே அடையாளம் காண முடிந்திருக்கவில்லை. ஆபத்து என்று குறிக்கப்பட்டவர்களில் 90 சதவீதத்தினருக்கோ அந்தச் சிக்கலே ஏற்படவில்லை. இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகே, எந்தப் பெண்ணுக்கும் எந்த நேரத்திலும் சிக்கல் வரலாம், ஆகவே அவசரச் சிகிச்சை அருகில் இருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு உலகம் மாறியது. தமிழகத்தில் 2004 முதல் உருவாக்கப்பட்ட, 24 மணி நேரமும் இயங்கும் அவசரப் பேறுகால, சிசு சிகிச்சை மையங்கள் இந்த மாற்றத்தின் விளைவே. தமிழகத்தின் இறப்பு விகிதம் குறைந்ததில் அவற்றின் பங்கு பெரிது.

எனவே, பாதிக் கர்ப்பிணிகள் ஆபத்தில் என்ற செய்தியை இரண்டு விதமாகப் படிக்கலாம். கூடுதல் கவனம் தேவை என்பது ஒன்று. பாதிப் பேர் மீது முத்திரை குத்தும் பட்டியல் யாரையும் தனியே சுட்டிக்காட்டவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவது வாசிப்பில் இன்னோர் அபாயமும் ஒளிந்திருக்கிறது. "உங்களுக்கு ஆபத்தான கர்ப்பம்" என்று சொல்லப்பட்ட குடும்பம், மருத்துவர் நீட்டும் அறுவைச் சிகிச்சை ஒப்புதல் படிவத்தில் கேள்வி கேட்காமல் கையெழுத்திடும். ஆபத்துப் பட்டியல் சிசேரியனைப் பெருக்க, சிசேரியன் ஆபத்துப் பட்டியலைப் பெருக்குகிறது.

அண்மைக்கால ஆராய்ச்சிகள் பயன்படக்கூடியது இங்கேதான். அவற்றில் பலவும் விலை உயர்ந்த கருவிகளைப் பற்றியவை அல்ல.

கர்ப்பகால ரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்வோம். கரு உருவான தொடக்க வாரங்களிலேயே குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தால் கடுமையான அழுத்த நோயைத் தடுக்க முடியுமா என்று ஐரோப்பாவில் நடந்த ஆய்வு 2017ல் வெளியானது. அதிக ஆபத்துள்ள 1,776 பெண்களில், மாத்திரை உட்கொண்டோரிடையே 37 வாரத்துக்கு முன்பே பிரசவிக்க வேண்டிய அளவுக்கு நோய் முற்றியது 1.6 சதவீதத்தினருக்கு, மற்றவர்களுக்கு 4.3 சதவீதம். 2020ல் வெளியான மற்றோர் ஆய்வு, இந்தியாவின் பெலகாவி, நாகபுரி உள்ளிட்ட பகுதிகளிலும் மேலும் ஐந்து நாடுகளிலும் தலைப்பிரசவத்தை எதிர்நோக்கியிருந்த 11,976 பெண்களிடையே நடத்தப்பட்டது. குறைப்பிரசவம் 13.1 சதவீதத்தில் இருந்து 11.6 சதவீதமாகக் குறைந்தது. வித்தியாசம் சிறிதாகத் தோன்றலாம். மாத்திரையின் விலையும் சிறிது என்பதை மறந்துவிடலாகாது. ஒரே நிபந்தனை, 16 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். ஐந்தாவது குடும்பநல ஆய்வின்படி நாட்டில் முதல் மூன்று மாதங்களுக்குள் பரிசோதனைக்கு வந்த தாய்மார்கள் 70 சதவீதம். மீதி முப்பது பேருக்கு ஆஸ்பிரின் இருந்தும் பயன் குறைவு.

அழுத்தம் உச்சத்துக்குப் போய்விட்டால்? நரம்பு வழியே மருந்து செலுத்தித் தொடர்ந்து கண்காணிக்கும் வசதி எல்லா இடங்களிலும் இருக்காது. வாய்வழி மாத்திரை போதுமா என்பதை நாகபுரியின் இரண்டு அரசு மருத்துவமனைகளில் 894 பெண்களிடம் சோதித்தனர். நிஃபெடிபின், லேபெடலால், மெத்தில்டோபா ஆகிய மூன்றுமே பெரும்பாலானவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்குள் அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தன. 2019ல் இம்முடிவு வெளியானது. சாதாரண மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரைகள் இவை.

கர்ப்பத்தின் வயதைக் கணிப்பது மற்றொரு பிரச்னை. கடைசி மாதவிடாய்த் தேதியை நினைவில் வைத்திருக்காத பெண்களுக்கு ஸ்கேன்தான் வழி. ஆனால் அந்தக் கணக்கு அமெரிக்காவில் 1980களில் உருவான அளவீடுகளை அடிப்படையாகக் கொண்டது. குருகிராம் அரசு மருத்துவமனையில் பதிவு செய்த கர்ப்பிணிகளின் தரவுகளைக் கொண்டு, பரீதாபாதில் உள்ள மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யும் இணைந்து இந்தியக் கருவுக்கான கணக்கு முறையை உருவாக்கி 2024ல் வெளியிட்டன. கர்ப்பத்தின் பிற்பகுதியில் வயதைக் கணிப்பதில் பிழை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைவதாக ஆய்வாளர்கள் தெரிவித்தனர். "நாள் தாண்டிவிட்டது, இனிக் காத்திருக்க முடியாது" என்று சொல்லி அறுவைக்கு அனுப்பப்படும் பெண்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே நாள் தாண்டியிருந்தது என்ற கேள்விக்கு இது நேரடித் தொடர்புடையது.

பெலகாவியில் இருந்து ஆப்பிரிக்கா வழியாக:

இந்த ஆராய்ச்சிகளிலேயே மிகவும் சுவையான கதை ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் பற்றியது. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்குதான் உலகெங்கும் தாய்மார்களின் முதன்மைக் கொலையாளி. ஆண்டுக்கு ஏறத்தாழ 45,000 பேர் அதனால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எவ்வளவு ரத்தம் போயிற்று என்பதைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவதே வழக்கம். பஞ்சிலும் துணியிலும் தரையிலும் கலந்துபோன ரத்தத்தை அனுபவம் மிக்கவர்களே குறைத்து மதிப்பிடுகின்றனர்.

கர்நாடகத்தின் பெலகாவியில் 2000களின் தொடக்கத்தில், கிராமப்புறத் துணைச் செவிலியர்கள் வீடுகளிலும் துணை சுகாதார நிலையங்களிலும் பிரசவம் பார்த்த 1,620 பெண்களிடையே மிசோப்ராஸ்டால் மாத்திரை சோதிக்கப்பட்டது. ரத்தப்போக்கு 12 சதவீதத்தில் இருந்து 6.4 சதவீதமாகக் குறைந்தது. அந்த ஆய்வுக்காகவே, ரத்தத்தை அளக்க அடியில் அளவுக் கோடுகள் இட்ட பை கொண்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை அங்குள்ள மருத்துவர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் வடிவமைத்தனர். கண் மதிப்பீடு, விரிப்பின் அளவைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்ததை அவர்கள் 2006ல் எடுத்துக்காட்டினர்.

அதே கருத்தின் வழிவந்த விரிப்பு, பின்னர் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதிக்கப்பட்டது. விரிப்பின் கோட்டை ரத்தம் தொட்டதும் கருப்பையை நீவிவிடுதல், கருப்பையைச் சுருக்கும் மருந்து, ரத்தம் உறைய உதவும் டிரானெக்சாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், காயப் பரிசோதனை ஆகிய அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. கடுமையான ரத்தப்போக்கு, அது தொடர்பான அறுவைச் சிகிச்சை, மரணம் ஆகியவை சேர்ந்து 4.3 சதவீதத்தில் இருந்து 1.6 சதவீதமாகச் சரிந்தன. 2023ல் வந்த இம்முடிவைத் தொடர்ந்து, 2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் புதிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 500 மி.லி. வரை காத்திருக்க வேண்டாம், 300 மி.லி. போனதும் நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ மாறினால் உடனே சிகிச்சையைத் தொடங்கலாம் என்கிறது அது. பெலகாவியில் முளைத்த யோசனை இருபது ஆண்டுகளுக்குப் பின் ஜெனீவாவின் முத்திரையோடு திரும்பியிருக்கிறது. எத்தனை அரசுப் பிரசவ அறைகளில் அந்த விரிப்பு இருக்கிறது என்பதே இனிக் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தியாவில் இந்த விரிப்புக்கு இன்னொரு தடையும் உண்டு: ரத்தசோகை. கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது குடும்பநல ஆய்வு. விரல் நுனி ரத்தத்தைச் சோதித்ததால் எண்ணிக்கை மிகைப்பட்டிருக்கலாம் என்ற விவாதம் தொடர்கிறது. குஷாய்குடாவில் இருந்து அதிகத் தொலைவில் இல்லாத தார்னாகாவில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்தான் அந்த விவாதத்தின் ஒரு முனை. (குன்னூரில் 1918ல் தொடங்கி 1958ல் ஹைதராபாதுக்குப் பெயர்ந்த நிறுவனம் அது என்பது தமிழர்களில் பலருக்குத் தெரியாது.) எண்ணிக்கை எதுவாயினும், ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடலில் 300 மி.லி. இழப்பும் பெரிது.

மருந்தின் கதையிலும் அரசியல் குறுக்கிட்டது. கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின் ஊசி மருந்தைக் கறவை மாடுகளுக்குத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று கூறி, 2018 ஏப்ரலில் மத்திய அரசு தனியார் நிறுவனங்கள் அதை உள்நாட்டுப் பயன்பாட்டுக்குத் தயாரிக்கத் தடை விதித்தது. கர்நாடகத்தில் உள்ள ஒரே ஒரு பொதுத்துறை நிறுவனம் மட்டும் தயாரிக்கலாம் என்றது. நாடு முழுவதற்கும் ஒரே ஆலை. அந்த உத்தரவை அதே ஆண்டு டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அறிவியல் அடிப்படை இன்றி எடுத்த முடிவு என்று கண்டித்தது. மாடுகளைக் காக்க முனைந்தவர்கள் மனிதத் தாய்மார்களைக் கணக்கில் கொள்ளவில்லை. இனி மருந்தின் தரம். 2024 நவம்பரில் கர்நாடகத்தின் பெல்லாரி அரசு மருத்துவமனையில் சிசேரியன் செய்துகொண்ட பெண்கள் அடுத்தடுத்து உயிரிழந்தனர். அவர்களுக்குச் செலுத்திய நரம்பு வழித் திரவத்தின் மீது சந்தேகம் எழுந்தது. அறுவைச் சிகிச்சை பெருகப் பெருக, ஒரு தரமற்ற புட்டியால் பாதிக்கப்படுவோரும் பெருகுவர்.

செவிலியர் கையில்:

தெலங்கானா அரசுக்கு இந்த நிலை தெரியாமல் இல்லை. 2017 ஜூனில் அன்றைய தெலங்கானா ராஷ்டிர சமிதி அரசு, அரசு மருத்துவமனையில் பிரசவித்தால் ஆண் குழந்தைக்கு 12,000 ரூபாயும் பெண் குழந்தைக்கு 13,000 ரூபாயும் வழங்கும் கே.சி.ஆர். கிட் திட்டத்தைத் தொடங்கியது. அரசு மருத்துவமனைப் பிரசவங்கள் 30 சதவீத அளவில் இருந்து ஏறத்தாழ 50 சதவீதமாக உயர்ந்தன. பெண்கள் தனியாரிடம் இருந்து அரசிடம் வந்தனர்; ஆனால் அங்கும் சிசேரியன் 44.5 சதவீதம். நல்ல நேரம் பார்த்து அறுவைக்கு நாள் குறிக்கும் பழக்கத்தைச் சுகாதார அமைச்சராக இருந்த ஹரீஷ் ராவ் 2022ல் வெளிப்படையாகவே சாடினார். ஜாதகத்தின் மீது பழி போடுவது வசதியானது. ஜோதிடர் நாள் குறித்தாலும் கத்தியை எடுப்பவர் ஜோதிடர் அல்லர். சுகப்பிரசவத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் உடனிருக்க வேண்டிய மருத்துவர், சிசேரியனை ஒரு மணி நேரத்தில் முடித்துக் கூடுதல் கட்டணமும் பெற முடியும் என்ற ஏற்பாடே முக்கியக் காரணம்.

அரசு எடுத்த மற்றொரு முயற்சி அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஹைதராபாதின் பெர்னாண்டஸ் மருத்துவமனை, சுகப்பிரசவத்தை முழுப் பொறுப்புடன் நடத்தக்கூடிய தேர்ச்சி பெற்ற மகப்பேறு செவிலியர்களை 2011 முதல் உருவாக்கி வந்தது. யூனிசெஃப் ஆதரவுடன் அந்த மருத்துவமனையோடு இணைந்து, 2017ல் கரீம்நகரில் 30 அரசுச் செவிலியர்களுக்கு 18 மாதப் பயிற்சியைத் தெலங்கானா அரசு தொடங்கியது. அடுத்த ஆண்டே மத்திய அரசு நாடு தழுவிய மகப்பேறு செவிலியர் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கர்ப்பத்தின் தொடக்கம் முதல் பிரசவம் வரை ஒரே செவிலியர் குழு கவனித்தால் சிசேரியன் குறைகிறது என்பதை, 18,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 17 ஆய்வுகளைத் தொகுத்த 2024ஆம் ஆண்டு மதிப்பாய்வு காட்டுகிறது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் செல்வ நாடுகளில் நடந்தவை. நெரிசல் மிகுந்த நம் பிரசவ வார்டுகளில் அப்படியே பலிக்கும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் மருத்துவர் எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட விரைவில் செய்யக்கூடியது இதுவே. தடை பணம் அன்று. பிரசவ அறையில் முடிவெடுக்கும் அதிகாரத்தைச் செவிலியரோடு பகிர்ந்துகொள்ள மகப்பேறு மருத்துவர்கள் எளிதில் இசைவதில்லை.

தில்லியில் பேறுகால இறப்பு விகிதம் பற்றிய புதிய அறிக்கை வெளியாகும் ஒவ்வொரு முறையும் சாதனை அறிவிப்புகள் வருகின்றன. சாதனை உண்மைதான். 2001-03ல் 301 ஆக இருந்த தேசிய விகிதம் 2018-20ல் 97 ஆகவும், 2020-22ல் 88 ஆகவும் இறங்கியது. 2030க்குள் 70க்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா. இலக்கு. ஆயினும் 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 19,000 தாய்மார்கள் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அதைவிட அதிகமானோர் இறந்த நாடு நைஜீரியா ஒன்றே. உயிரோடு தப்பி, கருப்பையையோ சிறுநீரகத்தையோ இழந்தவர்கள் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. இறப்பு விகிதம் 43 என்ற ஒற்றை எண்ணைக் கொண்டு தெலங்கானாவை மெச்சினால், 60 சதவீதத் தழும்புகள் கண்ணில் படாமல் போகும்.

சிசேரியன் எண்ணிக்கையை வெளிப்படையாக்கும் முயற்சி ஒன்று தில்லியில் நடந்ததுண்டு. 2017ல் மகளிர், குழந்தைகள் நலத் துறை அமைச்சராக இருந்த மேனகா காந்தி, ஒவ்வொரு மருத்துவமனையும் தன் சிசேரியன் விகிதத்தை அறிவிக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சர் ஜே.பி. நட்டாவை வலியுறுத்தினார். அதையொட்டி, மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தின் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகள், தாங்கள் நடத்திய சிசேரியன்களையும் சுகப்பிரசவங்களையும் வரவேற்பறையில் எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கும் மருத்துவமனைகளை அது கட்டுப்படுத்தாது. குஷாய்குடாவிலோ தாம்பரத்திலோ வீட்டுக்கு அருகே உள்ள சிறிய நர்சிங் ஹோமில் முதல் பிரசவத்துக்குப் பெயர் பதியப் போகும் பெண், அங்கே பத்தில் எத்தனை பேருக்குக் கத்தி வைக்கப்படுகிறது என்பதைத் தானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பதில் சொல்ல அவர்களைக் கட்டாயப்படுத்தும் வழி அந்த உத்தரவில் இல்லை.